கயிற்றைத் தூக்கிய இடம்

மார்ச் 4

அன்புள்ள மருமகள் அளவுகோலுக்கு,

உன் மாமன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் நலம். எனக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்? மார்க்கெட்டில் நான் நடந்தால் மூட்டை தூக்குகிறவர்கள்கூட மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வழி விடுகிறார்கள். நீ ஒருத்திதான் போனை எடுப்பதில்லை. போன் அடித்து ஓய்ந்துவிடும், கடிதத்தைக் கிழிக்கவாவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எட்டாம் வகுப்பில் வாத்தியாருக்கே நான் சந்தேகம் தீர்த்து வைத்ததால், இனி இவனுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் சரக்கு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். அன்று நீ சாப்பிட வருவாய் என்று உன் அத்தை தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தாள். நீயோ கூட்டம் முடிந்த கையோடு கம்பெனி வண்டியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாய். மாமன் கொடி நாட்டிய நாளில் மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

உங்கள் கம்பெனியை நான் குறை சொல்லவில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பஸ் நிலையமோ நூலகமோ எது கட்டினாலும், வரைபடத்தை முடிப்பதற்கு முன்னால் அங்கே புழங்கப் போகிறவனைக் கூப்பிட்டு உனக்கு எப்படி வேண்டும் என்று கேட்கிறீர்களே, அதற்குப் பெரிய மனசு வேண்டும். ஆனால் கூட்டம் நடத்தத் தெரியவில்லை. மேடை இல்லை, மைக் இல்லை, வட்டமாக நாற்காலி. யார் பெரியவன் என்றே தெரியாத கூட்டம் ஒரு கூட்டமா? நல்ல வேளை, நான் வந்தேன்.

புது ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்குப் பக்கவாட்டில் வரைபடத்தில் போட்டிருக்கிற தனி வாசல் கட்டாயம் வேண்டும், ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறவர்கள் நேரே வண்டி ஏறிப் போகலாம் என்று தலைமை நர்ஸம்மா எழுந்து சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. நாற்காலி மேல் ஏறினேன். காய்கறி ஏலம் விட்டுப் பழுத்த தொண்டை, மைக் எதற்கு? "பக்கவாசல் பின்வாசல் எல்லாம் நாம பாத்தாச்சு. நகரசபைத் தலைவருக்கும் ஒரே வாசல், கீரை விக்கிறவனுக்கும் அதே வாசல். முகப்புல பெரிய கூடம், நடுவால நாம நடந்து போகணும், நாலு பேர் பாக்கணும்" என்றேன். அப்புறம் நம் வழக்கப்படி ஒரு தரம், ரெண்டு தரம் போட்டேன். மூன்றாம் தரம் சொல்வதற்குள் இருநூறு கை மேலே. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். உருளைக்கிழங்கு மண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கவாசல் இருந்த இடத்தில் உங்கள் கம்பெனி அம்மையாரே தன் கையால் சுவர்க்கோடு இழுத்தார். நீயும் மூலையில் உட்கார்ந்து உள்ளம் உருகித் தலை குனிந்திருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

உன் அத்தைக்கும் இதில் பரம திருப்தி. வாரத்துக்கு மூன்று நாள் அங்கே மிஷினோடு படுத்துக் கிடக்கிறவள் அவள்தானே? அவளுக்கு இல்லாத அக்கறை நர்ஸுக்கு எங்கிருந்து வந்தது?

கோபத்தை விட்டுப் பதில் போடு.

உன் மாமன்

மார்ச் 9

மாமா,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அன்று போட்டது நாற்பது நாற்காலி, அதிலும் சில காலி. மற்ற கைகளை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று கேட்கப் போவதில்லை.

உள்ளம் உருகியதால் நான் தலை குனியவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூட்டத்தில் நம் சொந்தக்காரர் ஒன்றை முன்வைத்தால் நாம் அதில் வாய் திறக்கக் கூடாது. உறவைக் காட்டி ஊர்ப் பேச்சை வளைத்தார்கள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. நல்ல கட்டுப்பாடுதான். அதைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என் பென்சிலால் போட்ட வாசல் அது. என் கண் முன்னால் சுவராயிற்று.

அந்தச் சுவருக்கு அர்த்தம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்கள் இனி அந்தப் பெரிய கூடத்தை முழு நீளத்துக்கும் நடந்து, முகப்புப் படி இறங்கித்தான் வண்டிக்குப் போக முடியும். அத்தையைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறவர் நீங்கள். அவர் எந்த நிலையில் வெளியே வருவார் என்று உங்களுக்குத் தெரியாதா?

கூட்டம் எடுத்த முடிவை நாங்களாக மாற்ற மாட்டோம். அதைக் கொண்டுவந்தவரே வந்து கேட்டால்தான் மறுபடி பேச்சுக்கு எடுப்போம். ஆக, அந்தச் சுவரைத் திறக்கச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

அத்தைக்குப் பரம திருப்தி என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தை அதை என்ன வார்த்தையில் சொன்னார்?

மார்ச் 15

அன்புள்ள மருமகளுக்கு,

நாலு எழுத்துப் படித்துவிட்டால் மாமனிடமே சாட்சி கேட்கத் தோன்றும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். உன் தாத்தாவுக்கு நெஞ்சுவலி. நானும் இன்னொருத்தனும் மார்க்கெட் தள்ளுவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனோம். வழியில் ஒரு லாரியையே நான் ஒற்றைக் கையால் நிறுத்தினேன், அது தனிக் கதை. முன்வாசல் காவலாளி எங்கள் சட்டையைப் பார்த்தான். வெங்காயச் சருகும் மண்ணும் ஒட்டிய சட்டை. "பின்னால போங்க" என்றான். சலவைக் கூடத்தையும் சாக்கடையையும் தாண்டித் தள்ளினோம். அந்த நேரத்தில் முன்வாசலில் ஒரு கார் வந்து நின்றது, இறங்கியவருக்குச் சளிதான். உன் தாத்தா அந்தச் சாக்கடைப் பக்கமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதில் நான் கூட்டிச் சொன்னது லாரி மட்டும்தான்.

இப்போது சொல். பக்கவாசல் கொண்டுவா என்று நானே எழுந்து கேட்பேனா? இன்றைக்கு நோயாளிக்கு என்று திறப்பீர்கள். நாளைக்கு அழுக்குச் சட்டைக்காரன் எல்லாம் அந்தப் பக்கம் போ என்பார்கள். போடுகிறவள் நீ, நல்லவள். நிற்கப் போகிற காவலாளியை நீயா வளர்த்தாய்?

அத்தையைக் கேட்டீர்களா என்கிறாய். கேட்டேன். "என்ன, உனக்குச் சம்மதந்தானே?" என்றேன். தலையை ஆட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு துணி தைத்தவள், பேச வாய் ஏது? அவள் தலையாட்டினால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி.

அதோடு, கூடம் அவளுக்கு நல்லது. இப்போது பழைய ஆஸ்பத்திரியிலேயே பார், மிஷினை விட்டு அவளை எழுப்பிக் கூட்டி வந்தால் பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லாம் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார்கள். நானும் ஒருவரை விடாமல் நின்று பதில் சொல்கிறேன். எத்தனை தடவை வாந்தி, கை எப்படி வீங்கியது, நடுவில் ஒரு நாள் மூச்சே நின்று நான் கூப்பிட்ட குரலில் திரும்பி வந்தது, எல்லாம். போன வாரம் நான் சொன்னதைக் கேட்டு லிப்ட் இயக்குகிறவர் அழுதேவிட்டார். இவ்வளவு ஜனம் தன் மேல் உயிராக இருப்பதைப் பார்த்தால் எந்த நோயாளிக்கும் பாதி நோய் இறங்கிவிடும். தனி வாசல் வைத்து அந்தப் பாசத்தை மறைக்கப் பார்க்கிறீர்கள்.

அத்தை உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். ஊசி ஏற்றிய கை தாங்கவில்லை. பாதியில் நிற்கிறது.

மாமன்

மார்ச் 24

மாமா,

தாத்தா விஷயம் எனக்குத் தெரியாது. அம்மா சொன்னதே இல்லை. அதைப் படித்த பிறகு நான்கைந்து நாள் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரே வாசல் என்று நீங்கள் சொன்னது தவறு என்று இனி என்னால் சொல்ல முடியாது. ஆனால் அது அத்தைக்கு நல்லது என்றும் சொல்ல முடியாது.

அலுவலகத்தில் எங்கள் மூத்தவர், நீங்கள் கம்பெனி அம்மையார் என்கிறவர், என்னைக் கூப்பிட்டு நீண்ட மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்தார். அந்த மேஜையில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவோம். எதிரில் உட்கார வைத்தால் விஷயம் பெரிது. "அன்னைக்கு நீ வாய மூடிட்டு இருந்தது கட்டுப்பாட்டுக்காகவா, இல்ல மாமாவ எதிர்க்க பயந்தா?" என்று கேட்டார். சின்ன வயதில் நான் எந்தப் போட்டியில் தோற்றாலும், ஜெயித்ததாக ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் நீங்கள். உங்களை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேச எனக்கு என்றைக்கு நாக்கு எழுந்தது?

ஏப்ரல் முதல் ஞாயிறு மனையிலேயே கட்டடத்தைக் கட்டிக் காட்டப் போகிறோம். செங்கல் இல்லை, கழியும் கயிறும் துணியும்தான். சுவர் வரப்போகிற இடத்தில் இடுப்பளவுக்குக் கயிறு, வாசல் வருகிற இடத்தில் இடைவெளி, எல்லாம் உண்மையான அளவில். ஊர்க்காரர்கள் உள்ளே நடந்து பார்ப்பார்கள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் இதைச் செய்யாமல் நாங்கள் எதையும் கட்டியதில்லை.

அத்தையை அழைத்து வாருங்கள். முடிந்தால், மிஷினிலிருந்து எழுந்த நாளிலேயே. அவரே ஒரு தடவை அந்தக் கூடத்தை நடந்து பார்க்கட்டும்.

ஏப்ரல் 7

அன்புள்ள அளவுகோலே,

கயிற்றுக் கட்டடம் அமர்க்களம். அதைவிட அமர்க்களம் உன் மாமன். புதுச் சட்டை. நகரசபைத் தலைவருக்கு எங்கே நுழைவது என்று தெரியாமல் கயிற்றுக்குள் கால் மாட்டிக்கொண்டு நின்றார். நான்தான் அவர் தோளில் கை போட்டு, "இது கூடம், இங்க பெரிய விளக்கு, இங்க நின்னு பாத்தா முகப்பு தெரியும்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். இந்தக் கட்டடத்துக்கு நீங்கதான் இன்ஜினியரா என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. மரியாதைக்காரர் மனசை எதற்கு நோகடிப்பது?

நீ எட்டத்தில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

உன் அத்தை வந்தாள். நீ கேட்டுக்கொண்டபடி மிஷினிலிருந்து எழுந்ததும் கூட்டி வந்தேன். நடையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வெயில் கொஞ்சம் அதிகம், நடுவில் ஒரு தரம் உட்கார்ந்தாள். அப்புறம் கொஞ்சம் குறுக்குவழியில் வெளியே போனாள். பெண்கள் நேர்வழியில் எப்போது போனார்கள்?

இப்போது அவளுக்குத் தொண்டை கொஞ்சம் சரியில்லை போல. அதிகம் பேசுவதில்லை. எனக்கும் மார்க்கெட்டில் வரத்து அதிகம் என்பதால் நம் எதிர்வீட்டு டீச்சரம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். நான்தான் அப்படி ஏற்பாடு செய்தேன். டீச்சரம்மாவுக்கும் பொழுது போக வேண்டுமே.

வீட்டில் ஒரே அமைதி. எனக்கு அமைதி பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்.

மாமன்

ஏப்ரல் 11

மாமா,

உங்களுக்கு அமைதி பிடிக்கும் என்பதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. அத்தை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்து வந்தார். நீங்கள் யாரிடமோ நின்று பேசினீர்கள். பிறகு இன்னொருவரிடம். அத்தை தரையில் உட்கார்ந்தார். நீங்கள் அவர் தலைக்கு மேலே பேசிக்கொண்டே இருந்தீர்கள். பிறகு அவராகவே எழுந்து, உங்கள் கையை விட்டுவிட்டுத் தெற்குச் சுவர்ப் பக்கம் போனார். அங்கே இடைவெளி இல்லை. கயிறுதான். அதைக் கையால் தூக்கிக் குனிந்து வெளியே போய்விட்டார்.

அது நான் வாசல் போட்டிருந்த அதே இடம். வரைபடத்தை அத்தை பார்த்ததே இல்லை.

ஆட்கள் எங்கே கயிற்றைத் தூக்குகிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் நாங்கள் கயிறே கட்டுகிறோம். கூட்டத்தில் சொல்லாததைக் கால் சொல்லிவிடும் என்பார் மூத்தவர். அன்று அவரும் பார்த்தார். ஆனால் ஒருவர் கயிற்றைத் தூக்கியதற்காக ஊர் எடுத்த முடிவை நாங்கள் மாற்ற முடியாது. கேட்க வேண்டியவர் கேட்க வேண்டும்.

கடைசிக் கூட்டம் 25ஆம் தேதி. மறுவாரம் தோண்ட ஆரம்பிப்பார்கள். அதன் பிறகு கேட்டுப் பயனில்லை. நான் அந்தக் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. நான் இருந்தால் நீங்களும் அத்தையும் எனக்காகப் பேசுவீர்கள் என்று மூத்தவர் வர வேண்டாம் என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

எனக்காக நீங்கள் எதையும் கேட்க வேண்டாம், மாமா. ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அன்று நடந்ததை எனக்கு எழுதுங்கள். நடந்ததை மட்டும்.

ஏப்ரல் 27

மருமகளுக்கு,

நடந்ததை மட்டும் எழுது என்றாய். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். முதல் தாளில் நான் ஜெயித்துவிட்டேன்.

நான் கேட்பதாகத்தான் போனேன். உன் கடிதத்துக்காக இல்லை. வீட்டில் தையல் மிஷின் சத்தம் இல்லை, தட்டு வைக்கிற சத்தம்கூட இல்லை. அவள் கோபித்தால் பாத்திரமாவது உருளும். இது வேறு மாதிரி இருந்தது.

நாற்காலி மேல் ஏறினேன். பக்கவாசலை மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். காரணம் சொன்னேன், நன்றாகவே சொன்னேன். ஒரு தரம் போட்டேன். ஒரு கை எழவில்லை. நர்ஸம்மா கை மட்டும். இரண்டாம் தரம் போடுவதற்குள் உருளைக்கிழங்கு மண்டிக்காரர் எழுந்துவிட்டார்.

"அண்ணே, பக்கவாசல்னா அவமானம்னு எங்கள அழ வெச்சவரே நீங்கதானே? இப்ப நீங்களே மாத்திச் சொன்னா நாங்க எந்த அண்ணன நம்புறது?"

அவருக்குப் பின்னால் பூட்டுக் கடைக்காரர். எங்கள் வீட்டு நோயாளிகள் எல்லாம் முன்னால் நடக்க, அண்ணிக்கு மட்டும் தனி வாசலா என்றார். மருமகள் கம்பெனியில் இருக்கிறாள், மேலிடத்தில் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று இன்னொரு குரல். நான் முகப்பைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளையே எடுத்து என் மேலே வீசினார்கள். கீரைக்காரனுக்கும் அதே வாசல் என்றார் ஒருவர். என்னைவிட நன்றாகச் சொன்னார். வாழ்நாள் முழுக்க விற்றிருக்கிறேன். விற்றதைத் திரும்பக் கேட்டு நின்றது இதுதான் முதல் தடவை.

அப்போது உன் அத்தை பேசினாள். டீச்சரம்மாவோடு பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. குரல் கேட்கவில்லை. உங்கள் கம்பெனி அம்மையார் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் நாற்காலியை நகர்த்தினார்கள். வட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் நாற்காலி மேல் தனியாக நின்றேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்து கூடவில்லை.

"யார் பாத்தாலும் எனக்கு வெக்கமில்ல. அதெல்லாம் அந்தப் படுக்கைலயே போயிடுச்சு. வெளிய வரும்போது கால்ல கொஞ்சம் தெம்பு மிச்சம் வெச்சிருப்பேன், வண்டி வரைக்கும் போறதுக்கு. இவரு பெஞ்சு பெஞ்சா என்னை நிறுத்தி வெச்சு என் கதைய ஏலம் போடுவாரு. நான் நின்னுகிட்டே கேக்கணும். சில சமயம் அவர் சொல்றதக் கேட்டுதான் எனக்கு என்ன வியாதின்னே தெரிஞ்சுக்கறேன். எனக்கு ஒரு வாசல் வேணும். இவரு பேசி முடிக்கறதுக்குள்ள நான் வெளிய போயிடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் வேறென்ன செய்வது?

அவள் சிரிக்கவில்லை. "உங்க வீட்டு நோயாளியையும் கேட்டுப் பாருங்க. அவங்க கூடவும் பேசறதுக்கு ஒருத்தர் இருப்பாரு" என்றாள்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. உருளைக்கிழங்குக்காரர் தன் அம்மாவை வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார். மற்றக் கைகளும் எழுந்தன. யாரும் தரம் போடவில்லை. எத்தனை கை என்று நான் பார்க்கவில்லை.

சுவரைத் திறந்தாகிவிட்டது. உனக்கு வேண்டியது அதுதானே?

அவள் டீச்சரம்மாவோடு வீட்டுக்குப் போனாள். நான் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு காலமும் அந்த ஊர்வாய் நான்தான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாமன்

மே 2

மாமா,

படித்தேன். இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

எனக்கு வேண்டியது அதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பிறர் பார்வையிலிருந்து அத்தையை மறைப்பதற்குத்தான் அந்த வாசலை நான் போட்டேன். கூட்டத்துக்கு முன்பே நர்ஸம்மா சொன்னார், எனக்குச் சரியாகப் பட்டது, வரைந்தேன். உங்களிடம் அத்தையைக் கேட்டீர்களா என்று எழுதினேனே, நானும் கேட்கவில்லை. ஊரெல்லாம் கேட்டுக் கட்டுகிறோம் என்று சொல்லிக்கொள்கிற வேலையில் இருந்துகொண்டு, பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய வீட்டில் இருக்கிறவரைக் கேட்கவில்லை.

வாசல் வரைபடத்தில் ஏறிவிட்டது. உங்கள் பேச்சும் அதில் இருக்கிறது. முகப்பு வாசலுக்கு என்ன மரமோ அதே மரம், அதே அகலம், அதே விளக்கு. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் இது பின்வாசல் என்று ஒருவரும் சொல்ல முடியாது. காவலாளி உட்காருவதற்கு இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரே இடம்தான் விட்டிருக்கிறோம். சட்டையைப் பார்த்து ஆளைப் பிரித்து அனுப்ப வேண்டுமென்றால் அவர் எழுந்து நடக்க வேண்டும். அது மூத்தவர் யோசனை. தாத்தா விஷயத்தை அவரிடம் சொன்னேன். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்.

அத்தை உங்களோடு பேசுகிறாரா?

மே 10

மருமகளுக்கு,

பேசினாள். நேற்று.

டீச்சரம்மா ஊரில் இல்லாததால் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நான் உள்ளே போகவில்லை, கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றேன். முடித்துக்கொண்டு தானே நடந்து வந்தாள். வெகுநேரம் ஆயிற்று. போய்ப் பிடிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்த பிறகு கேட்டாள்.

"மாசி மாசத்துல டாக்டர் உங்களத் தனியாக் கூப்பிட்டாரே. என்ன சொன்னாரு?"

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கும் எழுதவில்லை. பெஞ்சுக்குப் பெஞ்சு அத்தனை பேசினேனே, இதை மட்டும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. வாந்தியையும் வீக்கத்தையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் அது எங்கேயாவது போய்விடும் என்று இருந்தேன் போல.

ஒன்றுமில்லை, தைரியமாக இருக்கச் சொன்னார் என்று நாக்கு நுனி வரை வந்தது. நல்ல கதை ஒன்றும் தயாராகத்தான் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். ரத்தத்தை மிஷின் சுத்தம் செய்துவிடும், ஆனால் இதயம் களைத்துவிட்டது, இந்த வருஷத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அவ்வளவுதான் நான் சொன்னேன்.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பாதி வழி வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. என் பக்கம் திரும்பி, "அந்த வாசல் எப்ப கட்டி முடிப்பாங்க?" என்றாள். தெரியாது என்றேன். "உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கா" என்றாள். அப்புறம், "அவளக் கேட்டு எழுதுங்க" என்றாள்.

அதனால் கேட்கிறேன். நகரசபைக்குக் கொடுக்கிற தேதி வேண்டாம், கல்வெட்டில் போடப் போகிற தேதியும் வேண்டாம். அந்தப் பக்கச் சுவர் எழும்பி, மரக்கதவு மாட்டி, அவள் அது வழியாக நடந்து வெளியே வருகிற மாதிரி ஆவதற்கு எத்தனை மாதம்? உள்ளதைச் சொல். குறைத்துச் சொல்லாதே. நீ எழுதுவதை அப்படியே அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

மாமன்